வளைய லேசரைப் பெரிதாக்குவதா, அசையாமல் நிறுத்துவதா?

ஜெர்மனியின் பவேரியாவில் வெட்செல் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு புவியளவீட்டு நிலையம் இருக்கிறது. அதன் நிலவறையில் பக்கத்துக்கு 4 மீட்டர் உள்ள ஒரு சதுரத்தைச் சுற்றி இரண்டு லேசர் கற்றைகள் எதிரெதிர்த் திசையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2001 முதல் இயங்கிவரும் அந்த வளைய லேசரின் பெயர் வெறும் ஓர் எழுத்து: ஜி. இரண்டு கற்றைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக விழவைத்தால், பள்ளிக்கூடத்தில் இசைக்கவைகளை வைத்துக் கேட்டோமே, அதே போல விம்மல் உண்டாகிறது. விநாடிக்கு ஏறக்குறைய 348.5 விம்மல்கள். ஆர்மோனியத்தில் நான்காம் கட்டையை அழுத்தினால் எழும் ஸ்வரத்துக்குக் கிட்டத்தட்ட அதே சுருதி. பூமி சுழல்வதை நிறுத்தினால் அந்த ஸ்வரமும் நின்றுவிடும்.

இந்தச் சுருதி எவ்வளவு துல்லியமாகத் தெரிகிறதோ, பூமியின் சுழற்சியும் அவ்வளவு துல்லியமாகத் தெரியும். அந்தத் துல்லியத்தை இன்னும் கூட்ட என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வி. பல வழிகள் முன்வைக்கப்படுகின்றன: வளையத்தைப் பெரிதாக்கு, ஆடிகளை மேம்படுத்து, அலைநீளத்தைக் குறை, அசையாத பொருளில் கட்டு, கணக்கில் திருத்து, ஒளியியல் தந்திரங்களால் சைகையைப் பெருக்கு. ஒளியியலில் ஆய்வு செய்யப்போகும் மாணவரோ, சுழற்சி அளவியில் பணம் போடப்போகும் ஆய்வகமோ இவற்றில் எதைத் தேர்வது? எனக்கு இதில் தெளிவான ஒரு சார்பு உண்டு. அதை மறைக்காமலே எழுதுகிறேன்.

முதலில் சூத்திரம், ஏனென்றால் குழப்பம் தொடங்குவதே அங்கேதான். பிரான்சில் ஜார்ஜ் சாக்னாக் 1913-இல் காட்டிய விளைவு இது. சுழலும் மேடையில் ஒளி ஒரு வட்டம் சுற்றி வரும்போது, சுழற்சியோடு சேர்ந்து ஓடும் கற்றைக்குப் பாதை கொஞ்சம் நீள்கிறது, எதிர்த்து ஓடும் கற்றைக்குக் கொஞ்சம் குறைகிறது. மைக்கல்சனும் கேலும் 1925-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஏறக்குறைய 613 மீட்டருக்கு 339 மீட்டர் அளவுள்ள குழாய்ச் செவ்வகத்தில் காற்றை வெளியேற்றி, பூமியின் சுழற்சியையே இப்படிப் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய ஏற்பாட்டில், கற்றைகள் கலந்து உண்டாகும் ஒளி-இருள் பட்டைகள் நகர்ந்தது ஒரு பட்டையின் கால்வாசிக்கும் குறைவு. 1963-இல் மேசெக், டேவிஸ் இருவரும் வளையத்துக்குள்ளேயே லேசரை எரியவைத்தபோது நிலைமை மாறியது. பாதை வேறுபாடு அதிர்வெண் வேறுபாடாக வெளிவந்தது. அதிர்வெண்ணை எண்ணுவதுபோல எளிதான வேலை அளவியலில் வேறில்லை.

வளைய லேசரின் விம்மல் அதிர்வெண், பரப்பின் நான்கு மடங்கைச் சுற்றளவாலும் அலைநீளத்தாலும் வகுத்து, சுழற்சி வேகத்தால் பெருக்கக் கிடைப்பது. வளையத்தின் செங்குத்துக் கோடும் சுழற்சி அச்சும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதும் அதில் சேரும். இந்தச் சூத்திரத்தைப் பார்த்த மாத்திரத்தில் எல்லோருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: பெரிதாகக் கட்டு.

அது தவறான யோசனை இல்லை. சதுரத்தின் பக்கத்தை இரட்டித்தால் பரப்புக்கும் சுற்றளவுக்கும் உள்ள விகிதம் இரட்டிக்கிறது. ஆடிகளில் ஒரு சுற்றுக்கு இழக்கும் ஒளி அதேதான். சுற்றோ இரண்டு மடங்கு நீளம். ஆகவே ஒளி உள்ளே தங்கும் நேரமும் இரட்டிக்கிறது. ஃபோட்டான்கள் தனித்தனியாக வந்து விழுவதால் எழும் தவிர்க்க முடியாத இரைச்சலை மட்டும் கணக்கில் எடுத்தால், பக்கத்தை இரட்டிக்க உணர்திறன் நான்கு மடங்காகும். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில், கேஷ்மீர் குகைக்குள் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தார் இதைக் கடைசிவரை சோதித்துப் பார்த்தார்கள். அங்கே இருந்த சி-2 வளையம் 1 சதுர மீட்டர். அதன் விம்மல் 79.4 ஹெர்ட்ஸ். அதே குகையில் கட்டிய யுஜி-2 வளையம் 39.7 மீட்டருக்கு 21 மீட்டர், 834 சதுர மீட்டர். விம்மல் 2 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியது. சூத்திரத்தின்படி அதே சுழற்சிக்கு ஜி தருவதைப்போல ஏறக்குறைய 7 மடங்கு சைகை.

ஆனாலும் நீண்ட கால அளவீட்டில் யுஜி-2 ஜி-யை முந்தவில்லை. இந்த ஒரு நிகழ்வை யாராவது நிதானமாக யோசித்துப் பார்த்தால், மீதிக் கட்டுரையை அவரே எழுதிவிடலாம்.

ஏன் முந்தவில்லை? குகையின் பாறைதான் அந்த வளையத்தைத் தாங்கும் சட்டகம். காற்றழுத்தம் மாறினால் குகை நெளிகிறது, வெப்பநிலை மாறினால் நெளிகிறது. 121 மீட்டர் குழாயில் கற்றை நான்கு ஆடிகளின் நடுவைத் தவறாமல் தொட வேண்டும். ஓர் ஆடி இம்மி அளவு திரும்பினாலும் கற்றை வேறு இடத்தில் விழுகிறது. குழாயின் உலோகச் சுவர்கள் மெல்ல மெல்ல வெளிவிடும் வாயுக்கள் ஹீலியம்-நியான் கலவையைக் கெடுக்கின்றன. இன்னொரு சிக்கல் பெரிய வளையங்களுக்கே உரியது. வளையத்துக்குள் பொருந்தி நிற்கக்கூடிய அதிர்வெண்கள் சுற்றளவு கூடக்கூட நெருங்கிவிடுகின்றன. 16 மீட்டர் சுற்றளவுள்ள ஜி-யில் பக்கத்துப் பக்கத்து அதிர்வெண்களுக்கு இடைவெளி 18.7 மெகாஹெர்ட்ஸ், யுஜி-2-இல் அது வெறும் 2.5 மெகாஹெர்ட்ஸ். இவ்வளவு நெருக்கத்தில் ஒன்றை மட்டும் எரியவைக்க வேண்டுமானால் லேசரை அணைகிற நிலைக்குப் பக்கத்திலேயே ஓட்ட வேண்டும். பரப்பால் கிடைத்த லாபத்தில் ஒரு பங்கை ஒளித்திறனில் இழக்கிறோம்.

இப்போது ஜி-க்கு வருவோம். அதன் அடித்தளம் 4.25 மீட்டர் விட்டமுள்ள ஜெரோடூர் வட்டு. பெரிய தொலைநோக்கிகளின் ஆடிகளுக்குப் பயன்படும் கண்ணாடிப்பீங்கான் அது. 1 டிகிரி வெப்பம் கூடினால் 1 மீட்டர் நீளம் அதிகபட்சம் 20 நானோமீட்டர் அளவுக்குத்தான் மாறும். விலை பயமுறுத்தும். அதோடு, ஒருமுறை கட்டிவிட்டால் அளவை மாற்றவே முடியாது. இவ்வளவு செலவு எதற்கு?

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். ஜி-யின் குறுகிய கால உணர்திறன் 1 விநாடி அளவீட்டுக்கு விநாடிக்கு ஏறக்குறைய 12 பிகோரேடியன். வெட்செலின் அட்சரேகையில் வளையம் உணர்வது விநாடிக்கு 55 மைக்ரோரேடியன் சுழற்சி. ஆக ஒரே விநாடியில் ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கு துல்லியம். நாளின் நீளம் கூடிக் குறைவதைப் பார்க்க இது போதாது. 86,400 விநாடியில் 1 மில்லிவிநாடி மாற்றம் என்றால் ஏறக்குறைய ஒன்பது கோடியில் ஒரு பங்கு, 348.5 ஹெர்ட்ஸில் அது 4 மைக்ரோஹெர்ட்ஸ். ஆனால் ஃபோட்டான் இரைச்சல் மட்டும்தான் தடை என்றால், நேரம் கூட்டிச் சராசரி எடுத்துக்கொண்டே போகலாம். இருபது கோடியில் ஒரு பங்கை எட்ட அரை மணி நேரம் போதும். ஜி-யை இயக்கும் ஷ்ரைபர் குழுவினர் உண்மையில் அந்தத் துல்லியத்தை 120 நாள் தொடர் அளவீட்டில் எட்டி, நாளின் நீள மாற்றத்தைத் தனி ஒரு கருவியால் பார்த்ததாக அறிவித்தது 2023-இல். கருவி எரியத் தொடங்கி 22 ஆண்டுகள் கழித்து.

அரை மணி நேரத்துக்கும் 22 ஆண்டுக்கும் நடுவே இருப்பது முழுவதும் நிலைத்தன்மைப் பிரச்சினைதான். ஃபோட்டான் போதவில்லை என்று அங்கே யாரும் அழவில்லை.

அந்தப் பிரச்சினையின் உள்ளே போனால், எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுணுக்கம் இருக்கிறது. லேசரின் அலைநீளம் தன்னிச்சையானது அல்ல. சுற்றளவுக்குள் முழு எண்ணிக்கை அலைகள் பொருந்த வேண்டும். ஜி-யில் அந்த எண்ணிக்கை இரண்டரைக் கோடியைத் தாண்டும். வளையம் எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில் விரிந்தால் அலையும் கூடவே விரிகிறது. பரப்பைச் சுற்றளவின் வர்க்கத்தால் வகுத்த எண் மாறுவதில்லை. ஆகவே சீரான விரிவு விம்மலைத் தொடுவதே இல்லை. சேதம் செய்வது வடிவம் கோணுவதுதான், அதாவது சதுரம் சாய்சதுரமாவது. அல்லது விரிவு மிஞ்சி, அலைகளின் எண்ணிக்கை ஒன்று கூடியோ குறைந்தோ தாவுவது. அந்த ஒரு தாவல் இரண்டரைக் கோடியில் ஒரு பங்கு. கேட்க அற்பமாக இருக்கும். நாளின் நீளத்தில் அது மூன்றரை மில்லிவிநாடிக்குச் சமம். நாம் தேடும் சைகையைவிடப் பெரியது. இதனால்தான் ஜி-யை ஓர் அழுத்தக் கலத்துக்குள் வைத்து, காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்திச் சுற்றளவை நிலைநிறுத்தினார்கள்.

அடுத்தது சாய்வு. தரை வடக்கு நோக்கி 10 நானோரேடியன் சாய்ந்தால், அந்த அட்சரேகையில் விம்மல் ஏறக்குறைய பன்னிரண்டு கோடியில் ஒரு பங்கு மாறும். 10 நானோரேடியன் என்பது 1 கிலோமீட்டர் நீளப் பலகையின் ஒரு முனையை 0.01 மில்லிமீட்டர் தூக்குவது. மழை பெய்து மண் ஊறினால், சந்திரனின் ஈர்ப்பில் நிலம் ஏறி இறங்கினால், இதைவிடப் பெரிய சாய்வு வரும். வளையத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்தப் பிழை ஒரு துளி குறையாது. சைகையோடு சேர்ந்து அதுவும் அதே விகிதத்தில் வளரும். சாய்வுமானியில் செய்யும் செலவுக்கு ஈடாக வேறு எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆய்வுத் திட்டங்களில் கடைசியில் போனால் போகிறது என்று சேர்க்கப்படும் பொருளும் அதுதான். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

மேலே சொன்னவை பெரிய வளையங்களின் கவலை. விமானத்துக்குள் இருந்து அதன் திருப்பங்களை உணரும் சிறிய வளைய லேசரான லேசர் கைரோவுக்கு நோயே வேறு. சுற்றளவு 30 சென்டிமீட்டர் உள்ள ஒரு முக்கோண வளையத்தைப் பூமியின் அச்சுக்கு நேராகவே வைத்தாலும் கிடைப்பது 6 அல்லது 7 ஹெர்ட்ஸ்தான். அவ்வளவு மெல்லிய வேறுபாட்டை எதிர்ச்சிதறல் விழுங்கிவிடுகிறது. ஆடியின் மேற்பரப்பில் உள்ள அணு அளவு மேடுபள்ளத்தில் பட்டு, ஒரு கற்றையின் சிறு பங்கு திரும்பி எதிர்க் கற்றையோடு கலக்கிறது. ஒரே கிளையில் கட்டிய இரண்டு ஊஞ்சல்கள் கிளை வழியாக ஒன்றையொன்று இழுத்து ஒரே தாளத்தில் ஆடத் தொடங்குமே, அப்படி இரண்டு கற்றைகளும் ஒரே அதிர்வெண்ணில் பூட்டிக்கொள்கின்றன. விம்மல் பூஜ்யம். சிறிய வளையங்களில் இந்தப் பூட்டு விலகத் தேவையான வேகம் பூமியின் சுழற்சி வேகத்தைவிடப் பல மடங்கு பெரியது.

இதற்கு உள்ள வழிகளில் பழையதும் பரவலானதும் டிதர்: கைரோவை முழுவதுமாக விநாடிக்குச் சில நூறு தடவை முன்னும் பின்னும் நுண்ணளவு திருப்பிக்கொண்டே இருப்பது. சல்லடையைத் தட்டிக்கொண்டே இருந்தால் மாவு அடைத்துக்கொள்ளாது அல்லவா, அதேதான். ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் பூட்டு மண்டலத்தை ஒரு கணம் கடக்க வேண்டியிருப்பதால் சிறு பிழை ஒட்டுகிறது. அவை சேர்ந்து தற்செயல் நடையாக வளர்கின்றன. டிதர் வேகத்தில் கொஞ்சம் இரைச்சலை வேண்டுமென்றே கலந்து அதைச் சமாளிக்கிறார்கள். இன்னொரு வழி நான்கு அதிர்வெண் கைரோ. காந்தப்புலத்தில் வைத்த ஒரு கண்ணாடித் துண்டாலும் ஒளியின் முனைவாக்கத்தாலும் கற்றைகளை முன்கூட்டியே பிரித்துவைத்துவிட்டால் பூட்டுக்கே இடமில்லை. அசையும் பாகமும் இல்லை. பதிலுக்கு, வளையத்துக்குள் ஒரு பொருளை நுழைப்பதால் இழப்பு கூடுகிறது, வெப்பநிலைக்குக் கருவி அஞ்சத் தொடங்குகிறது. விமானப் பயணத்துக்கு வேண்டியது மணிக்கு 0.01 டிகிரி என்ற வரிசையில் நிலைத்தன்மை. அதை டிதர் பல பத்தாண்டுகளாகத் தந்துவருகிறது. விமானக் கைரோவை மேம்படுத்த நினைப்பவருக்கு நான் சொல்வது ஒன்றே: ஆடியில் பணம் போடுங்கள். சிதறல் குறைந்த ஆடி பூட்டையும் குறைக்கும், இழப்பையும் குறைக்கும். ஒரே செலவில் இரண்டு நோய்க்கு மருந்து.

ஆடி என்றதும் அலைநீளத்தையும் ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். 633 நானோமீட்டர் சிவப்புக்குப் பதில் 543 நானோமீட்டர் பச்சையில் ஓட்டினால் விம்மல் 17 சதவீதம் கூடும். ஆனால் நுண்ணிய மேடுபள்ளங்களின் சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர் விகிதத்தில் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால் அது 80 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். போதாததற்குப் பச்சைக் கோட்டில் ஹீலியம்-நியானின் பெருக்கமும் குறைவு. வேண்டாம்.

இனி, கடந்த இருபது ஆண்டுகளில் ஆய்விதழ்களை அதிகம் நிரப்பிய தந்திரங்கள். 2007-இல் ஷஹ்ரியார் குழுவினர் முன்வைத்தது, வளையத்துக்குள் ஒளிவிலகல் எண் அதிர்வெண்ணோடு வழக்கத்துக்குத் தலைகீழாக மாறும் ஓர் ஊடகத்தை வைத்து, பாதை நீளத்தின் சிறு மாற்றத்துக்கும் லேசர் அதிர்வெண் மிகப் பெரிதாக நகரும்படி செய்வது. இன்னொன்று விதிவிலக்குப் புள்ளி. இழப்பையும் பெருக்கத்தையும் பிணைப்பையும் சரியாகச் சமன்செய்தால் வளையத்தின் இரண்டு நிலைகள் ஒன்றாகக் கரையும் ஒரு புள்ளி வரும். அதன் அருகே சிறு சுழற்சிக்கும் பிளவு பெரிதாகத் தெரியும். 2019-இல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் இதைச் செய்து காட்டின: ஒன்று ஹீலியம்-நியான் கைரோவில், மற்றொன்று கால்டெக்கில் (கலிபோர்னியாவின் தொழில்நுட்பக் கழகம்) சிப் அளவுள்ள பிரில்வான் லேசரில். கால்டெக் குழு சைகை நான்கு மடங்கு வரை பெருகுவதைக் கண்டது.

அதே கால்டெக் குழு 2020-இல் வெளியிட்ட அடுத்த கட்டுரை என் பார்வையில் முதலாவதைவிட மதிப்பு மிக்கது. சைகை பெருகும் அதே விகிதத்தில் லேசரின் அடிப்படை இரைச்சலும் பெருகுகிறது, ஆக உண்மையான உணர்திறன் கூடவில்லை என்று தங்கள் சொந்தக் கருவியிலேயே அளந்து காட்டினார்கள். தராசின் முள்ளை நீளமாக்கினால் சிறு எடைக்கும் முனை அதிக தூரம் நகரும்; காற்றில் தட்டு ஆடும் ஆட்டமும் அதே அளவு பெரிதாகத்தான் தெரியும். இரண்டு பொட்டலத்தில் எது கனம் என்பதை அந்த நீள முள் உங்களுக்குக் கூடுதலாகச் சொல்லாது. முள்ளின் அசைவைப் படிக்க நம் கண்ணால் முடியவில்லை என்ற நிலை இருந்தால் மட்டும் நீள முள் உதவும். அதாவது, லேசரின் இரைச்சலைவிட அதைப் படிக்கும் மின்னணுச் சுற்றின் இரைச்சல் பெரிதாக இருக்கும் கருவிகளில் இந்தத் தந்திரங்களுக்கு இடம் உண்டு. பெரிய வளையங்களில் அந்த நிலை இல்லை. ஒரு கட்டுரை "உணர்திறன் பல மடங்கு கூடியது" என்று சொன்னால், கூடியது சைகையா, சைகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதமா என்று பாருங்கள். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் ஐந்து ஆண்டு முனைவர் பட்ட வேலையை இதில் இறக்கிவிடக் கூடாது.

சிப் கைரோக்களையே ஒதுக்குகிறேன் என்று இதைப் படிக்க வேண்டாம். 36 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிலிக்கா வட்டில் ஒளியைச் சுற்றவிட்டு, 2020-இல் பூமியின் சுழற்சியையே கால்டெக் அளந்தது. உள்ளங்கையில் அடங்கும் வட்டு அது. மைக்கல்சனின் இரண்டு கிலோமீட்டர் குழாயோடு ஒப்பிட்டால் மெய்சிலிர்க்கிறது. அங்கே வெற்றி தந்தது இழப்பு மிகக் குறைந்த வட்டு. பெருக்கும் தந்திரத்துக்கு அதில் பங்கில்லை.

இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கு அடியில், 3.6 மீட்டர் பக்கமுள்ள ஜிஞ்சரினோ இன்னொரு பாதையைக் காட்டுகிறது. அது ஒற்றைக் கட்டாக வார்த்த ஜெரோடூர் வட்டு அல்ல. ஆடிகள் தனித்தனிப் பெட்டிகளில் நிற்கின்றன. விம்மல் 280 ஹெர்ட்ஸ். மலையின் ஆழம் தரும் அமைதியை நம்பி, மீதிப் பிழையைக் கணக்கில் பிடிக்கிறார்கள். எதிர்ச்சிதறல் விம்மலை மட்டும் கெடுப்பதில்லை. இரண்டு கற்றைகளின் ஒளிச்செறிவிலும் அதே தாளத்தில் சிறு துடிப்பை விட்டுச் செல்கிறது. அந்தத் துடிப்பின் வீச்சையும் கட்டத்தையும் தொடர்ந்து பதிவு செய்தால், விம்மல் எவ்வளவு இழுக்கப்பட்டது என்று பின்னால் கணக்கிட்டுக் கழிக்கலாம். கூடுதலாக வேண்டியது ஒவ்வொரு கற்றைக்கும் ஓர் ஒளியுணரி, அதைப் பதிவு செய்யும் சுற்று, பொறுமையாக எழுதிய நிரல். செலவையும் பலனையும் சேர்த்துப் பார்த்தால் இந்தப் பட்டியலிலேயே இதுதான் மலிவு. 2023 முடிவிலும் இத்தகைய திருத்தத்துக்குப் பங்கு உண்டு.

ஆகவே புதிதாக ஒரு வளையம் கட்டும் குழு என்னிடம் வரிசை கேட்டால்: அமைதியான பாறையும் நல்ல சாய்வுமானிகளும் முதலில். பிறகு, பணம் அனுமதிக்கும் அளவில் மிகச் சிறந்த ஆடிகள். பிறகு, இரண்டு கற்றைகளின் செறிவையும் முதல் நாளிலிருந்தே பதிவு செய்யும் ஏற்பாடு. வளையத்தின் பக்கம் 4 மீட்டரா 6 மீட்டரா என்ற வாக்குவாதம் இவற்றுக்கெல்லாம் பின்னால். குறிக்கோள் நிலநடுக்க அலைகள் என்றால் மட்டும் வரிசை மாறும். அங்கே அளவீடு சில விநாடியில் முடிந்துவிடுகிறது. மாதக்கணக்கான நகர்வு தொந்தரவு செய்யாது, பரப்பு நேரடியாக உதவும். மியூனிக் நகருக்கு அருகே ஃபியூர்ஸ்டன்ஃபெல்ட்புரூக்கில் 2016-இல் கட்டிய ரோமி அந்தத் தேர்வைத் துணிந்து செய்தது: பக்கத்துக்கு 12 மீட்டர் உள்ள நான்கு முக்கோண வளையங்களை ஒரு நான்முகியாக மண்ணுக்குள் புதைத்து, சுழற்சியின் மூன்று திசைகளையும் ஒருசேரப் பிடிக்கிறார்கள். மூன்று திசைகளுக்கு மூன்று வளையங்களே போதும் என்றாலும் நான்காவதைச் சேர்த்தார்கள். மற்ற மூன்றின் கணக்கு பிசகினால் அது காட்டிக்கொடுக்கும்.